கூட்டத்தில் ஒருவராய் நிற்பது கலைக்குப் படியாகுமா?

காவிரிப்பூம்பட்டினத்து மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் முறையாகக் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ வேந்தன் முன் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அவளுக்கு ஆடலாசிரியனும் இசையாசிரியனும் வாய்த்திருந்தனர். புலவனும் தண்ணுமையோனும் குழலோனும் யாழோனும் துணை நின்றனர். ஒரு கலைஞர் மக்கள் முன் தோன்றுவதற்கு முன்னர் எத்தனை பேருடைய கண்ணும் செவியும் அவர்மீது இருத்தல் வேண்டும் என்பதை அரங்கேற்று காதை நமக்கு உணர்த்துகிறது.

அந்தக் காதையை வகுப்பில் நடத்தி முடித்த பின்னர், ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒரு மாணவராவது துறை அறையின் வாயிலில் வந்து நிற்பார். "ஐயா, எனக்கு நடிப்பில் ஆர்வம். சென்னையில் துணை நடிகராகச் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கூட்டத்தில் நின்றாலும் பரவாயில்லை. முதலில் உள்ளே நுழைந்துவிடலாம் என்று பார்க்கிறேன். போகலாமா?" என்பார். இவ்வினா சிறியதாகத் தோன்றும். ஆயினும் அதன் பின்னே ஓர் இளைஞரின் நான்கைந்து ஆண்டுகளும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் நிற்கின்றன. எனவே இம்மலரில் அவ்வினாவை எடுத்துக்கொண்டு, நம் கருத்தினை முன்வைக்க விழைகிறோம்.

திரைத்துறைக்கே பிள்ளைகள் செல்லலாமா என்பது நம் பெரியோர்கள் எழுப்பும் வேறொரு வினா. அதனை இவ்விடத்து நாம் ஆராயப் புகவில்லை. தடுத்தும் செல்வோர் செல்லத்தான் செய்கின்றனர். செல்பவர் ஏமாறாது செல்லவும், கெடாது திரும்பவும் வழி சொல்ல வேண்டியது ஆசிரியர் கடமை என்ற அளவில் இக்கட்டுரை அமைகிறது.

நாம் செய்த பிழை

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுவதே முறை. பத்தாண்டுகளுக்கும் முன்னர் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, இதே வினாவுடன் வந்தார். குரல்வளம் மிக்கவர், கல்லூரி நாடகங்களில் அவர் பேசத் தொடங்கினால் அரங்கு அடங்கிவிடும். "எம்.ஜி.ஆர். கூடச் சிறு வேடத்தில்தான் தொடங்கினார், கிடைக்கும் வாய்ப்பை விட வேண்டாம், சென்று வாருங்கள்" என்று நாம் கூறினோம். அவர் வீட்டார் தயங்கியபோதும் நம் சொல்லே அவர்களை இணங்க வைத்தது.

சென்னை சென்றவரிடம் ஏஜென்ட் ஒருவர் பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டார். தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அதன்பின் நான்காண்டுகள் அவர் திருமண வீட்டுக் கூட்டத்தில் நின்றார். நீதிமன்றக் காட்சியில் பின் வரிசையில் அமர்ந்தார். கலவரக் காட்சியில் ஓடினார். 2018 நவம்பர் 15ஆம் நாள் இரவு ஓர் இழவு வீட்டுக் காட்சியில் நின்று அழுதுகொண்டிருந்தார். கைப்பேசிகளை முன்னரே வாங்கி வைத்துவிட்டனர். 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்து நம் பகுதித் தென்னைகளையெல்லாம் சாய்த்துச் சென்றது. படப்பிடிப்பு முடிந்து கைப்பேசியைத் திரும்பப் பெற்ற பின்னரே, தம் தோப்பில் எழுபது மரங்கள் விழுந்துவிட்டன என்பது அவருக்குத் தெரிந்தது. ஊர் வந்து சேர்ந்தவர் நம்மைக் கண்டபோது குறை ஒன்றும் கூறவில்லை. "நாலு வருஷத்துல ஒருத்தர்கூட எனக்கு நடிக்கச் சொல்லித் தரலைங்கய்யா" என்று மட்டும் சொன்னார். அச்சொல் நம்மைச் சுட்டது. நாம் கூறிய எடுத்துக்காட்டு எங்கே பிழைபட்டது என்று அன்றுதான் சிந்திக்கத் தொடங்கினோம்.

சிறு வேடமும் கூட்ட வேடமும்

எம்.ஜி.ஆரின் முதற்படம் 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். அதில் எம்.ஜி.ஆர். ஏற்றது காவல் ஆய்வாளர் வேடம். வேடம் சிறியதே, ஆயினும் அது கதையில் இடம் பெற்ற ஒரு பாத்திரம். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் பயின்ற சிறுவராய் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேல் மேடையில் பழகிய பின்னரே அவ்வேடம் அவருக்குக் கிட்டியது. அதன் பிறகும் 1947இல் 'ராஜகுமாரி' வரும்வரை, பதினொரு ஆண்டுகள் சிறு வேடங்களிலேயே அவர் காத்திருந்தார். 'அசோக்குமார்', 'மீரா' போன்ற படங்களில் அவரைத் தேடித்தான் காண வேண்டும்.

ஆக, எம்.ஜி.ஆர். தொடங்கியது சிறு வேடத்தில். கூட்ட வேடத்தில் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே நம் பிழை. சிறு வேடம் ஏற்பவருக்கு ஒரு வசனமாவது உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று இயக்குநர் அவரிடம் பேசுகிறார். படத்தொகுப்பாளர் அவர் முகத்தைப் பார்க்கிறார். கூட்டத்தில் நிற்பவருக்கு இவை எதுவும் இல்லை.

இன்னும் சொல்லப்போனால், கூட்டத்தில் நிற்பவரின் கடமை கண்ணில் படாதிருத்தலே ஆகும். கேமராவைப் பார்த்தல் கூடாது. நாயகனை மறைத்தல் கூடாது. ஒரு காட்சியில் முகம் தெளிவாகப் பதிந்துவிட்டால், அதே படத்தின் மற்றொரு காட்சியில் வேறு ஊராராக அவரை நிறுத்த இயலாது. ஆதலால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியவரே நல்ல துணை நடிகர் எனப் பெயர் பெறுவார். நடிப்போ காண்போர் கண்ணைத் தன்பால் ஈர்க்கும் கலை. ஒன்றைப் பழகப் பழக மற்றொன்று மறந்துபோகும் இடர் இதில் உண்டு. நம் மாணவரும் நான்காண்டுகளுக்குப் பின் கல்லூரி மேடையில் நின்றபோது தம்மையறியாமல் ஓரத்திற்கு ஒதுங்கி நின்றதைக் கண்டோம்.

'காந்தி' திரைப்படத்தின் இறுதி ஊர்வலக் காட்சி 1981 சனவரி 31ஆம் நாள் தில்லியில் படமாக்கப்பட்டது. மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் கலந்துகொண்டனர். கின்னஸ் ஏட்டிலும் அது பதிவாகியுள்ளது. அக்காட்சி நம் நெஞ்சை நெகிழ்விக்கிறது; ஆனால் அக்கூட்டத்தில் ஒரு முகத்தையேனும் நாம் நினைவுகூர முடியுமா? முடியாது, நினைவுகூரக் கூடாது என்பதே அக்காட்சியின் இலக்கணம்.

பாய்ஸ் கம்பெனி தந்த பள்ளி

"பழைய நாடகக் கம்பெனிகளிலும் சிறுவர்கள் கூட்டத்தில்தானே நின்றனர்? அவர்கள் நடிகர்களாகவில்லையா?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினாவே இது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். நவாப் இராசமாணிக்கம் நடத்திய தேவி பால விநோத சங்கீத சபையிலிருந்து எம்.என்.நம்பியார் வந்தார். சிவாஜி கணேசனும் சிறுவராய் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடங்களும் ஏற்று வளர்ந்தவரே. 1952இல் 'பராசக்தி'யில் முதற்படத்திலேயே நாயகனாய்த் தோன்றினார் என்று வியக்கிறோம். அதற்கு முந்தைய மேடை ஆண்டுகளை மறந்துவிடுகிறோம்.

இக்கம்பெனிகளில் சேவகனாகவோ தோழியாகவோ நின்ற சிறுவனும் பாட்டு, வசனம், அடவு ஆகியவற்றை நாள்தோறும் பயின்றான். பிழை செய்தால் வாத்தியார் திருத்தினார். சில வேளைகளில் அடித்தும் திருத்தினார். இரவுதோறும் நாடகம் முழுவதையும் பார்த்தமையால் எல்லார் வசனமும் அவனுக்கு மனப்பாடம். ராஜபார்ட் நடிகருக்குக் காய்ச்சல் கண்டால் அந்தச் சேவகனே அன்றிரவு அரசனாக நிற்கவும் கூடும். உண்ண உணவும் உறங்க இடமும் கம்பெனியே தந்தது. அங்கே நிலவிய கொடுமைகளை நாம் மறைக்கவில்லை. அம்முறை மீள வேண்டும் என்றும் கூறவில்லை. ஆனால் கூட்டத்தில் நிற்றல் அங்கே ஒரு கல்வியின் முதல் வகுப்பாய் இருந்தது. மேல் வகுப்பும் அதே கூரையின் கீழ் இருந்தது.

இன்றைய படப்பிடிப்பில் துணை நடிகரை அழைத்து வருபவர் ஏஜென்ட். அவருக்கு வேண்டியது நாற்பது ஆண், இருபது பெண் என்ற எண்ணிக்கை. கதை இன்னதென்று நிற்பவருக்குத் தெரியாது. காலையில் வந்து, இரவில் கூலியைப் பெற்றுத் திரும்பிவிடுவார். மறுநாள் வேறு படம், வேறு இடம். முதல் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கலாம். இரண்டாம் வகுப்பு அக்கட்டடத்திலேயே இல்லை.

மறுபக்கமும் உண்டு

நடுநிலையோடு நோக்கின், கூட்டத்திலிருந்து மேலேறியவரும் உளர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் காலத்தில் விஜய் சேதுபதி சிறந்த சான்று. துபாயில் கணக்கராகப் பணியாற்றித் திரும்பிய அவர், 2004 முதல் சில படங்களில் பெயரறியாத முகமாகத் தோன்றினார். 2006இல் வந்த 'புதுப்பேட்டை'யிலும் அவரைக் காணலாம். 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' அவரை நாயகனாக்கியது. வளைகுடா சென்று உழைக்கும் இளைஞர் நிறைந்த நம் பகுதியில் இக்கதை வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் கதையின் மறு பாதியையும் கூறுதல் வேண்டும். அவர் கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, அங்கே நடிகர்கள் பயில்வதை அருகிருந்து கண்டவர். அப்பட்டறையை 1977இல் நிறுவிய ந.முத்துசாமி நம் காவிரி மண்ணின் புஞ்சை என்னும் சிற்றூரினர். குறும்படங்களிலும் விஜய் சேதுபதி நடித்தார். அவற்றை எடுத்த இளைஞர்களே பின்னாளில் இயக்குநர்களாகி அவரை அழைத்தனர். கூட்டத்தில் நின்றதனால் அவர் உயர்ந்தார் என்பதைவிட, நின்ற காலத்தும் வேறிடத்தில் கற்றுக்கொண்டிருந்தமையால் உயர்ந்தார் என்பதே பொருத்தமாகும்.

கே.பாக்யராஜ் '16 வயதினிலே' படத்தில் 1977இல் மிகச் சிறிய வேடமொன்றில் தோன்றினார்; 1979இல் 'புதிய வார்ப்புகள்' படத்தின் நாயகனானார். அவர் பாரதிராஜாவின் உதவி இயக்குநர். காட்சி ஏன் அவ்வாறு அமைகிறது என்று அறியும் இடத்தில் நின்றவர். ஜெமினி கணேசனோ ஜெமினி ஸ்டூடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் பணியாற்றியவர். வாய்ப்புக் கேட்டு வந்தோரை மேசைக்கு மறுபுறமிருந்து பார்த்தவர். 1947இல் 'மிஸ் மாலினி'யில் சிறு வேடம் ஏற்று, 1953இல் 'மனம்போல மாங்கல்யம்' வழியே நாயகனானார். இவர்கள் அனைவரிடமும் ஒரு பொதுமை உண்டு. கலை உருவாகும் இடத்திற்கு அருகில் அவர்கள் நின்றனர். அதனைக் கற்கும் வாயிலும் அவர்களுக்குத் திறந்திருந்தது.

இன்னொரு பயனையும் நம் ஊர்க்காரர் ஒருவர் வாழ்வில் காண்கிறோம். செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், சக்தி நாடக சபையில் நடிகராய்ச் சேர்ந்தவர். நடிகராக அவரை உலகம் அறியவில்லை. 1959இல் இருபத்தொன்பது வயதில் மறையும் முன் அவர் எழுதிய பாடல்களே அவரை நிலைநிறுத்தின. மேடையருகே கழிக்கும் காலம், "உன் இடம் இதுவன்று, அதோ, அது" என்று காட்டவும் கூடும். அவ்வாறு காட்டும்போது அதனை ஏற்கும் துணிவும் வேண்டும்.

உழைப்பும் மதிப்பும்

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். துணை நடிப்பையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோரை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. சந்தையில் ஆளில்லாமல் சந்தைக் காட்சி இல்லை. 1948இல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் ஆடியோர் பெயர் நமக்குத் தெரியாவிடினும், அவர்களே அக்காட்சியின் உயிர். வெயிலில் நின்று ஈட்டும் கூலி நேர்மையான கூலி. நாற்றுப் பறிப்பவருக்கும் கதிர் அறுப்பவருக்கும் உள்ள மதிப்பு அவர்களுக்கும் உண்டு.

அவர்கள் நிலையோ இரங்கத்தக்கது. கேரள அரசு 2017இல் நீதிபதி கே.ஹேமா தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கை 2019இல் அரசிடம் அளிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. பெரிய நடிகையரைப் பற்றிய செய்திகளே நாளேடுகளில் மிகுதியாக வந்தன. ஆனால் துணை நடிகர்கள் குடிநீரும் கழிவறையும் இன்றி நெடுநேரம் நிற்க வைக்கப்படுவதையும், இடைத்தரகர் கையில் அவர்கள் கூலி சிக்குவதையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. இக்குறைகள் கேரள எல்லைக்கு அப்பால் இல்லை என்று கூற எவரும் முன்வர மாட்டார். அமெரிக்காவில் துணை நடிகர்கள் சுரண்டப்படுவதைத் தடுக்கும் நோக்குடன் 1925இலேயே மையப் பதிவு நிலையம் ஒன்றை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. ஒரு நூற்றாண்டு கடந்தும் நம் பிள்ளைகள் யாரோ ஒருவரின் கைப்பேசி அழைப்பை நம்பி இரவுப் பேருந்து ஏறுகின்றனர். மாணவியராயின் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நாட்கூலி பெறுவோருக்கும் உரியது என்பதை அவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

நம் முடிபு

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நாம் வந்தடைந்த முடிபு இது: புதிதாக நடிக்க வருவோர் கூட்டத்தில் நிற்கலாம், ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும்.

பத்து நாள், மிஞ்சினால் இருபது நாள். அந்நாட்களில் கற்க வேண்டியவை உள்ளன. ஒளி எங்கிருந்து விழுகிறது, குறித்த இடத்தில் நடிகர் எவ்வாறு வந்து நிற்கிறார், ஒரே அழுகையை ஏழாம் முறையும் முதல்முறை போல் எப்படி அழுகிறார், உதவி இயக்குநர் எதனைக் குறித்துக்கொள்கிறார் என்பவற்றையெல்லாம் கூர்ந்து காணலாம். காத்திருத்தலே இத்தொழிலின் பெரும்பகுதி என்பதையும், தம் உடலும் மனமும் அதனைத் தாங்குமா என்பதையும் அறியலாம். இருபது நாளில் இதை அறியாதவர் இருநூறு நாளிலும் அறியப்போவதில்லை. அதற்குப் பின் நிற்பது கூலிக்காக நிற்பதே. கூலிக்காக நிற்பதில் இழுக்கில்லை. ஆனால் அதனைப் பயிற்சி என்று தம்மையும் பெற்றோரையும் ஏமாற்றிக்கொள்ளுதல் கூடாது.

பயிற்சிக்கு வேறிடம் வேண்டும். நாடகக் குழு ஒன்றில் சேர்க. நண்பர்களின் குறும்படத்தில் நான்கு வசனமாவது பேசுக. தமிழைப் பிழையின்றி உச்சரிக்கப் பழகுக. லகர ளகர ழகரம் தெளிவாக ஒலிக்கும் குரலுக்குப் பின்னணிக் குரல் துறையிலும் மதிப்புண்டு. உணவுக்கு வேறொரு வேலை கையில் இருக்கட்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகுக. கூலி தருபவரே பணம் தர வேண்டியவர், பெறுபவர் அல்லர்.

நம் மாணவரின் கதையை முடிக்காமல் விடுதல் தகாது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, புதிய கன்றுகளை நட்டு, ஓராண்டு ஊரில் இருந்தார். பின்னர் மீண்டும் சென்னை சென்றார். இம்முறை துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. மாலையில் நாடகக் குழு. கூட்ட வேடங்களுக்குச் செல்வதில்லை. இதுவரை இரண்டு படங்களில் வசனம் பேசியிருக்கிறார். இரண்டாவதில் மூன்று வரி. நாயகனாவாரா என்று நமக்குத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு நம் துறை நாடகத்திற்குப் பயிற்சியளிக்க வந்தபோது, ஓரத்தில் ஒதுங்கி நின்ற முதலாண்டு மாணவர் ஒருவரின் தோளைப் பற்றி மேடையின் நடுவே கொணர்ந்து நிறுத்தினார். "இங்க நில்லு தம்பி. இப்போ பேசு" என்றார்.

அச்சங்கிலி மீட்கப்பட்டதா என்று கேட்க நமக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆயினும் துறை வாயிலில் வந்து நிற்கும் மாணவர்க்கு இப்போதெல்லாம் நாம் எம்.ஜி.ஆரை எடுத்துக்காட்டுவதற்கு முன், 1936க்கு முந்தைய அவருடைய மேடை ஆண்டுகளைச் சொல்கிறோம். மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்வதற்கு முன் அந்த ஏழு ஆண்டுகளைச் சொல்கிறோம். பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் பிள்ளைகளிடம் "போ" என்றோ "போகாதே" என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடாமல், "அங்கே உனக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்?" என்று கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை கையில் உள்ள பிள்ளையைத் தயங்காமல் வழியனுப்பலாம்.